புதிய தொற்று ஊருக்குள் வந்தால் வீடு எப்படித் தயாராவது?

வெளிநாட்டில் எங்கோ ஒரு புதுக் காய்ச்சல் என்று செய்தி வந்ததும் நம் வீடுகளில் இரண்டு விதமான பேச்சு கிளம்பும். "சும்மா பயமுறுத்துகிறார்கள்" என்பார் ஒருவர். "முதலில் போய் அரிசி வாங்கி வை" என்பார் இன்னொருவர். இரண்டாலும் வீட்டுக்குப் பெரிய நன்மை இல்லை.

கோவிட் பரவிய 2020 மார்ச் 16 இரவு மலேசியாவின் அப்போதைய பிரதமர் முஹிடின் யாசின் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையை அறிவித்தார். 18ஆம் தேதி அது நடப்புக்கு வந்தது. இடைப்பட்ட நேரத்தில் பேரங்காடிகளில் வண்டி தள்ள இடமில்லை. சொந்த ஊருக்குப் போக பேருந்து நிலையங்களிலும், பயண அனுமதி கேட்டு போலீஸ் நிலையங்களிலும் கூட்டம் அலைமோதியது. நோய்க்குப் பயந்து வெளியே ஓடியவர்கள், நோய் எளிதாகத் தொற்றும் நெரிசலுக்குள்ளேயே போய் நின்றார்கள். அன்று கடையில் அரிசி கிடைத்தவர்களுக்கும் மற்ற கேள்விகளுக்குப் பதில் கிடைக்கவில்லை: வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால் எந்த அறையில் படுக்க வைப்பது, யார் பார்த்துக்கொள்வது, பாட்டியின் இன்சுலின் எத்தனை நாளுக்கு வரும்?

கடைசி நேரத்தில் வாங்க முடியாத இந்த விஷயங்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை அதிகம் பேசப் போகிறது. முதலில் அடிப்படையைப் பார்த்துவிடுவோம்.

செய்தியில் வரும் சொற்கள்

குழப்பம் பெரும்பாலும் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

1. அனைத்துலகப் பொதுச் சுகாதார அவசரநிலை. ஒரு நோய் நாடுகளைத் தாண்டிப் பரவும் ஆபத்து இருக்கிறது, நாடுகள் சேர்ந்து செயல்பட வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் அறிவிப்பது இது. கோவிட்டுக்கு 2020 ஜனவரி 30 அன்றும், எம்பாக்ஸ் எனும் குரங்கம்மைக்கு 2024 ஆகஸ்ட் 14 அன்றும் அறிவித்தார்கள். முதலாவது உலகையே முடக்கியது. இரண்டாவது வந்தபோது நம் ஊரில் பள்ளிகளைக்கூட மூடவில்லை. ஆக, அறிவிப்பு வந்தது என்பதை மட்டும் வைத்து நம் வீட்டுக்கு எவ்வளவு ஆபத்து என்று அளக்க முடியாது.

2. நோய் எக்ஸ். இப்படி ஒரு கிருமி எங்கும் இல்லை. இதுவரை அறியப்படாத ஒரு கிருமி நாளைக்குப் பெருந்தொற்றை உண்டாக்கலாம், அதற்கும் ஆயத்தமாக இருக்க வேண்டும் என்பதற்காக 2018இல் உலகச் சுகாதார நிறுவனம் தன் முன்னுரிமைப் பட்டியலில் வைத்த தற்காலிகப் பெயர் அது. "நோய் எக்ஸ் வந்துவிட்டது" என்று வாட்ஸ்அப்பில் வந்தால், அனுப்பியவருக்கு இது தெரியவில்லை என்று அர்த்தம்.

3. இறப்பு விகிதம். ஆரம்பத்தில் வரும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆயிரம் பேருக்குத் தொற்று வந்தது, அவர்களில் மோசமான 50 பேர் மட்டும் மருத்துவமனைக்கு வந்து பரிசோதிக்கப்பட்டார்கள், 5 பேர் இறந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். மருத்துவமனைக் கணக்கில் அது 10 விழுக்காடு. உண்மையில் 0.5 விழுக்காடு. லேசாக வந்து போனவர்கள் எண்ணப்படாதவரை முதல் எண் பெரிதாகத்தான் தெரியும். இதற்கு நேர்மாறாகவும் நடக்கும்: இன்னும் சிகிச்சையில் இருப்பவர்களின் முடிவு தெரியாமல் கணக்கிட்டால் எண் சிறிதாகத் தெரியும்.

4. இரட்டிப்புக் காலம். நோயாளிகளின் எண்ணிக்கை இரண்டு மடங்காக எத்தனை நாள் ஆகிறது என்பது. மூன்று நாளுக்கு ஒருமுறை இரட்டித்தால், இன்று 100 பேர், முப்பதாவது நாளில் ஒரு லட்சத்துக்கும் மேல். "நூறு பேருக்குத்தானே வந்திருக்கிறது" என்று சொல்லும் நாளில்தான் வீட்டைத் தயார் செய்ய அவகாசம் இருக்கும். மலேசியாவில் முதல் கோவிட் நோயாளிகள் 2020 ஜனவரி 25 அன்று உறுதி செய்யப்பட்டார்கள். கட்டுப்பாடு வர ஏழு வாரத்துக்கும் மேல் ஆனது. அந்த ஏழு வாரம் எல்லா வீட்டுக்கும் கிடைத்த அவகாசம்.

கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

பெயர் எதுவாக இருந்தாலும் சரி, ஒரு புதிய நோயைப் பற்றிக் குடும்பம் தெரிந்துகொள்ள வேண்டியவை நான்கு.

1. எந்த வழியாகப் பரவுகிறது? மூச்சுக் காற்றிலா, இருமல் துளியிலா, கையிலும் மலத்திலுமா, கொசுவிலா, விலங்கிடமிருந்தா, உடல் நீர் படுவதாலா?

2. எப்போது தொற்றும்? 2003இல் பரவிய சார்ஸ் எனும் நுரையீரல் தொற்று, அறிகுறி தெரிந்த பிறகுதான் அதிகமாகத் தொற்றியது. காய்ச்சல் உள்ளவரைத் தனிமைப்படுத்தியே அதை அடக்க முடிந்தது. கோவிட், அறிகுறி தெரிவதற்கு இரண்டு நாள் முன்பே தொற்றத் தொடங்கியது. கடைவாசலில் காய்ச்சல் பார்ப்பது அதை நிறுத்தப் போதவில்லை. இரண்டு கிருமியும் ஒரே குடும்பம். இந்த வேறுபாடு முடிவைப் பெரிதும் மாற்றியது.

3. உடலுக்குள் எத்தனை நாள் மறைந்திருக்கும்? கிருமி நுழைந்ததிலிருந்து அறிகுறி வரும்வரை உள்ள காலம் இது. சளிக்காய்ச்சலுக்கு 1 முதல் 4 நாள். ஆரம்பகாலக் கோவிட்டுக்கு 2 முதல் 14 நாள். எபோலாவுக்கு 2 முதல் 21 நாள். தனிமையில் எத்தனை நாள் இருக்கச் சொல்கிறார்கள் என்பது இதிலிருந்துதான் வருகிறது.

4. யாரை அதிகம் தாக்குகிறது? கோவிட் வயதானவர்களை வாட்டியதால் எல்லா நோயும் அப்படித்தான் என்று நினைத்துவிடக் கூடாது. 2009இல் வந்த எச்1என்1 காய்ச்சலில் இளையவர்களும் கர்ப்பிணிகளும் கடுமையாகப் பாதிக்கப்பட்டார்கள். கை, கால், வாய்ப் புண் நோய் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளைத்தான் தேடி வருகிறது.

இந்த நான்கில் முதல் கேள்விக்குத்தான் எடை அதிகம். அதில் தவறினால் மற்ற எல்லா முயற்சியும் வீணாகிவிடும். நம் நாட்டிலேயே அதற்கு அழுத்தமான சான்று இருக்கிறது.

வழியைத் தவறாகக் கணித்தால்

1998 செப்டம்பர் கடைசியில் ஈப்போவைச் சுற்றியுள்ள பன்றிப் பண்ணைகளில் மூளைக்காய்ச்சல் தோன்றியது. கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முதலில் கருதினார்கள். கொசுமருந்து அடித்தார்கள், அந்த நோய்க்கான தடுப்பூசியைப் போட்டார்கள். ஆனால் சில விஷயங்கள் பொருந்தவில்லை. நோய் வந்தவர்களில் பெரும்பாலோர் பன்றிகளோடு நெருங்கி வேலை செய்த பெரியவர்கள். தடுப்பூசி போட்டவர்களுக்கும் வந்தது. ஒரே கிராமத்தில் அதே கொசுக்கடியோடு வாழ்ந்த மற்றவர்களுக்கு வரவில்லை. இதற்கிடையே பன்றிகள் லாரியில் தெற்கே போயின. நோயும் அவற்றோடு நெகிரி செம்பிலானுக்குப் போய்ச் சேர்ந்தது.

1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் ஒரு புதிய வைரஸைப் பிரித்தெடுத்தார். சுங்கை நீப்பா கிராமத்தின் பெயரால் அது நீப்பா ஆனது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளைக் கொன்ற பிறகே பரவல் நின்றது. மலேசியாவில் நோய் கண்டவர்கள் 265 பேர், இறந்தவர்கள் 105 பேர். பல மாதங்கள் கொசுவைத் துரத்திக்கொண்டிருந்த நேரத்தில் உயிர்கள் போய்க்கொண்டிருந்தன.

அதே நீப்பா 2018இல் கேரளாவின் கோழிக்கோட்டில் வந்தபோது பன்றிக்கு அதில் பங்கே இல்லை. நோயாளியிடமிருந்து அருகில் இருந்து கவனித்தவர்களுக்கும் மருத்துவமனைப் பணியாளருக்கும் பரவியது. பெயர் ஒன்றாக இருந்தாலும் பரவும் வழி இடத்துக்கு இடம் மாறலாம். "நீப்பா என்றால் எனக்குத் தெரியும், பன்றிநோய்" என்று மூத்தவர்கள் சொன்னால் அது பாதி உண்மைதான்.

இன்னொரு சான்று பினாங்கில் பிறந்தவருடையது. 1879இல் அங்கே பிறந்து, பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் படித்து, கேம்பிரிட்ஜ் சென்று மருத்துவரானவர் டாக்டர் ஊ லியன் தே. 1910 டிசம்பரில் மஞ்சூரியாவின் ஹார்பின் நகரில் பிளேக் பரவியபோது சீன அரசு அவரை அனுப்பியது. பிளேக் என்றால் எலியும் தெள்ளுப்பூச்சியும் என்பதே அன்றைய மருத்துவ அறிவு. பிரேதப் பரிசோதனை செய்து பார்த்த அவர், இது நுரையீரலைத் தாக்கி மூச்சால் பரவுகிறது என்று சொன்னார். பருத்தியை மெல்லிய துணிக்குள் வைத்துத் தைத்த முகக்கவசத்தை எல்லோரும் அணிய வேண்டும் என்றார். அதை ஏற்காத பிரெஞ்சு மருத்துவர் மெஸ்னி கவசமில்லாமல் நோயாளிகளைப் பார்த்தார். சில நாளில் அதே நோயில் இறந்தார். ஏறக்குறைய 60,000 பேரைக் கொன்ற அந்தப் பரவல் 1911 வசந்தகாலத்துக்குள் அடங்கியது.

வழி தெரியாத முதல் வாரங்களில்

ஆய்வகம் பதில் சொல்லும்வரை வீடு காத்திருக்க முடியாது. அந்த இடைவெளியில் எல்லா வழியையும் ஓரளவு அடைத்து வைப்பதுதான் அறிவு. மூச்சு வழியை முதலில் அடைக்கலாம். காரணம், வேகமாக ஊரைச் சுற்றிய பெருந்தொற்றுகள் பெரும்பாலும் அந்த வழியில்தான் வந்தன. வீட்டுக்குள் அதைத் தடுப்பதுதான் கஷ்டமும்கூட.

நம் வீடுகளில் அடிக்கடி நடக்கும் ஒரு குழப்பம்: கைக்குத் தடவும் ஆல்கஹால் திரவம் எல்லாக் கிருமிக்கும் மருந்து என்ற நம்பிக்கை. கோவிட், சளிக்காய்ச்சல் கிருமிகளுக்கு மேலே கொழுப்புப் படலம் உண்டு. ஆல்கஹால் அதைக் கரைத்துவிடும். வாந்திபேதி உண்டாக்கும் நோரோவைரஸுக்கும், கை, கால், வாய்ப் புண் நோய்க் கிருமிகளுக்கும் அந்தப் படலம் இல்லை. ஆல்கஹால் அவற்றிடம் சரியாக வேலை செய்யாது. சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுவது எல்லாவற்றுக்கும் பொருந்தும். தரை, கதவுப்பிடிக்கு குளோராக்ஸ் போன்ற வெளுப்புத் திரவம் போதும்: 5 விழுக்காடு அடர்த்தியுள்ளதில் 20 மில்லிலிட்டரை ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்தால் சரியான அளவு. அன்றன்றைக்குக் கலக்க வேண்டும். கழிப்பறை கழுவும் அமிலத்தோடு அதைச் சேர்த்து ஊற்றவே கூடாது. கிளம்பும் குளோரின் வாயு நுரையீரலைக் கெடுக்கும்.

கையிருப்பு: ஏன் இரண்டு வாரம்?

ஒரு மாதத்துக்கு வேண்டாம், ஓராண்டுக்கு வேண்டவே வேண்டாம். மறைந்திருக்கும் காலமும் நோய்க் காலமும் சேர்ந்து பல மூச்சுத் தொற்றுகளுக்கு இரண்டு வாரத்துக்குள் அடங்கும். வீட்டில் ஒருவருக்கு வந்து மற்றவர்கள் வெளியே போக முடியாமல் போனால் தாக்குப்பிடிக்கும் அளவு அதுதான். ஒரே நாளில் வாங்காமல், வாராவாரம் வழக்கமான பட்டியலில் இரண்டு மூன்று பொருளைக் கூடுதலாகப் போட்டால் மாதக் கடைசியில் சேர்ந்துவிடும். வருமானம் குறைந்த வீட்டுக்கும் இது முடியும். கடையில் மற்றவருக்கும் பொருள் மிஞ்சும்.

நாலு பேர் உள்ள வீட்டுக்கு 10 கிலோ அரிசி மூட்டை ஒன்று, 3 கிலோ பருப்பு, மீஹூன், கோதுமை மாவு, நெத்திலி, சார்டின் டின், பால்மாவு, எண்ணெய், உப்பு, சீனி, மசாலா. எப்போதும் சாப்பிடுவதையே வாங்குங்கள். பழையதை முதலில் எடுத்து, புதியதைப் பின்னால் அடுக்குங்கள். சமையல் வாயு தோம்பு இன்னொன்று. குழந்தைக்குப் பால்மாவு, டயப்பர், பெண்களுக்கு நாப்கின். உணவைப் பற்றி இவ்வளவு போதும், நம் தாய்மார்களுக்கு இதில் யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

தண்ணீரைத்தான் மறந்துவிடுகிறோம். 2020 செப்டம்பரில், கோவிட் நடுவிலேயே, ரவாங் பக்கம் சுங்கை கோங்கில் கழிவு கலந்ததால் சிலாங்கூர் ஆற்று நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏறக்குறைய 12 லட்சம் இணைப்புகளுக்குத் தண்ணீர் வரவில்லை. பினாங்கிலும் 2024 ஜனவரியில் பராமரிப்புக்காக நான்கு நாள் திட்டமிட்ட தடை இருந்தது. அடிக்கடி கை கழுவச் சொல்லும் நாளில் குழாய் காய்ந்தால் என்ன செய்வது? மூடியுள்ள தோம்பு ஒன்றில் தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். மூடாவிட்டால் ஏடிஸ் கொசு வளர்ந்து டெங்கியைக் கொண்டுவரும்.

மருந்து விஷயத்தில் நம் சமூகம் கூடுதல் அக்கறை காட்ட வேண்டும். 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் மிக அதிகம். நீரிழிவு உள்ளவர்களைக் கோவிட் எப்படித் தாக்கியது என்பதைப் பல குடும்பங்கள் நேரில் பார்த்தன. அரசாங்கக் கிளினிக்கில் மருந்தைப் பெரும்பாலும் மாதாமாதம்தான் தருகிறார்கள். ஆகவே:

1. கடைசி மாத்திரை தீரும்வரை காத்திருக்காமல் தேதி வந்ததும் போய் வாங்குங்கள்.
2. மருந்தைத் தபாலில் அனுப்பும் சேவை உங்கள் கிளினிக்கில் இருக்கிறதா என்று இப்போதே கேட்டுப் பதிந்து வையுங்கள். கட்டுப்பாடு வந்த பிறகு எல்லோரும் அதற்குத்தான் விண்ணப்பிப்பார்கள்.
3. திறக்காத இன்சுலின் குளிர்பெட்டியின் நடுத்தட்டில் இருக்க வேண்டும். உறையும் பகுதியில் வைத்தால் கெட்டுவிடும்.
4. காய்ச்சலில் சாப்பாடு இறங்கவில்லை என்பதற்காக இன்சுலினைத் தாமாக நிறுத்தக் கூடாது. உடல் நோயோடு போராடும்போது சர்க்கரை ஏறும். மருத்துவரைக் கேட்டு அளவை மாற்றுங்கள். வாந்தி இருந்தால் மெட்ஃபார்மின் எனும் நீரிழிவு மாத்திரை பற்றியும் கேளுங்கள்.

கையில் சேமிப்பே இல்லாதவருக்கு மேலே சொன்ன எதுவும் சுலபமில்லை. 2021 ஜூலையில் வீட்டுக்கு வெளியே வெள்ளைக் கொடி கட்டி உதவி கேட்ட குடும்பங்களை நாடே பார்த்தது. நாட்கூலிக்குப் போகும் ஒருவர் காய்ச்சலை மறைத்து வேலைக்குப் போகிறார் என்றால் அது அலட்சியத்தால் இல்லை, அடுத்த வேளைச் சோற்றுக்காக. நெருங்கிய சொந்தத்தில், ஒரே மாடியில் இப்படி யார் இருக்கிறார்கள் என்று தெரிந்து வைத்து, வாங்கும் பருப்பில் ஒரு கிலோ அவர்களுக்கென்று வைப்பதும் நம் வீட்டின் பாதுகாப்புதான். அவர் வீட்டில் தங்கினால் மின்தூக்கியில் கிருமி ஏறாது.

மாடி வீட்டில் நோயாளி அறை

சுகாதார அறிவுரைகள், தனி அறையும் தனிக் குளியலறையும் இருக்கும் வீட்டை நினைத்து எழுதப்படுகின்றன. கோலாலம்பூரில் பிபிஆர் எனப்படும் அரசாங்க மலிவு அடுக்குமாடி வீடுகள் சுமார் 700 சதுர அடி. மூன்று அறையில் ஆறு ஏழு பேர். பினாங்கில் ரைபிள் ரேஞ்ச் போன்ற பழைய அடுக்குமாடிகள் இன்னும் சிறியவை. அங்கே என்ன செய்வது என்பதுதான் உண்மையான கேள்வி.

1. அறையைத் தேர்ந்தெடுப்பது. பெரிய அறை எது என்று பார்க்க வேண்டாம். சன்னல் வெளிப்புறம் திறக்கும் அறையைப் பாருங்கள். நடைபாதைப் பக்கம் சன்னல் உள்ள அறையில் நோயாளியை வைத்தால் அந்தக் காற்று அண்டை வீட்டார் நடக்கும் வழியில் போய் நிற்கும்.

2. காற்றின் திசை. ஒரு மேசை மின்விசிறியைச் சன்னலருகே வெளிப்பக்கம் பார்க்க வையுங்கள். வாசல் பக்கச் சன்னல்களைத் திறந்து வையுங்கள். கூடத்துக் காற்று நோயாளி அறைக்குள் போய், அங்கிருந்து வெளியேற வேண்டும். சரியாக நடக்கிறதா என்று பார்க்க ஓர் ஊதுபத்தி போதும்: அறைக் கதவின் கீழே பிடித்தால் புகை உள்ளே இழுக்கப்பட வேண்டும். கூடத்துக்கு வந்தால் விசிறியை இடம் மாற்றுங்கள். குளிரூட்டி உதவாது. வீடுகளில் இருக்கும் வகை, அறைக்காற்றையே திரும்பத் திரும்பச் சுற்றுகிறது.

3. கழிப்பறை. நோயாளி கவசத்தோடு போய்வர வேண்டும், மூடியை மூடிவிட்டுத் தண்ணீர் திறக்க வேண்டும். குளியல் கடைசியாக. அதன்பின் சன்னலைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் யாரும் நுழையாதிருப்பது நல்லது.

4. தரைக் குழிவடிகால். பலருக்குத் தெரியாத விஷயம் இது. 2003இல் ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் அடுக்குமாடியில் 300க்கும் மேற்பட்டோருக்கு சார்ஸ் வந்தது. குளியலறைத் தரையில் உள்ள வடிகாலின் வளைகுழாயில் தண்ணீர் காய்ந்துபோய், கழிவுக் குழாயின் காற்று வீடுகளுக்குள் ஏறியது ஒரு முக்கியக் காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. நம் வீடுகளிலும் அதே அமைப்புதான். புழங்காத வடிகால் ஒவ்வொன்றிலும் வாரம் ஒருமுறை கொஞ்சம் தண்ணீர் ஊற்றுங்கள்.

5. பார்த்துக்கொள்பவர் ஒருவர் மட்டும். அம்மா என்றால் அம்மாதான் என்று விட்டுவிடாதீர்கள். அவருக்கே இரத்த அழுத்தமும் நீரிழிவும் இருக்கலாம். ஆரோக்கியமான இளையவர் ஒருவரை முன்பே முடிவு செய்யுங்கள், அது மகனாகவும் இருக்கலாம். அவர் என்95 வகைக் கவசத்தை மூக்கோரம் காற்று கசியாமல் அழுத்திப் போட வேண்டும். அடர்ந்த தாடி இருந்தால் அது ஒட்டாது. நோயாளிக்குச் சாதாரண மூன்றடுக்குக் கவசம் போதும். வால்வு வைத்தது வேண்டாம், அது மூச்சை வடிகட்டாமல் வெளியே விடுகிறது.

தனி அறையே இல்லை என்றால்? கூடத்தின் ஒரு மூலையைச் சன்னலோரம் ஒதுக்கி, தலைமாட்டை மற்றவர்களுக்கு எதிர்த்திசையில் வைத்து, எல்லோரும் கவசம் அணிவது முழுப் பாதுகாப்பு ஆகாது. ஆனாலும் உடம்புக்குள் போகும் கிருமியின் அளவு குறையும். பாட்டி, தாத்தாவை நோயில்லாத உறவினர் வீட்டுக்கு அனுப்பலாமா என்று யோசிப்பவர்கள், அறிகுறி யாருக்கும் வருவதற்கு முன்பே அனுப்ப வேண்டும். தொற்று பட்ட பின் அனுப்பினால் நோயையும் சேர்த்து அனுப்பியதாகிவிடும்.

வீட்டில் வைத்துப் பார்ப்பது எதுவரை?

2021 நடுப்பகுதியில், மருத்துவமனைக்குக் கொண்டுவருமுன்பே இறந்தவர்கள் என்று தினசரி அறிக்கையில் தனிக் கணக்கே வந்தது. பயந்தும், தாமதித்தும், மூச்சுத் திணறலை உணராமலும் போனவர்கள் அதில் உண்டு. எப்போது கிளம்ப வேண்டும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவுமானி ஒன்று வீட்டில் இருக்கட்டும். இயல்பான அளவு 95 முதல் 100 வரை. இங்கே நம்மவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு: கருமையான தோலில் இந்தக் கருவி உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. 95 என்று காட்டினாலும் ஆள் திணறினால் எண்ணை நம்பாதீர்கள், ஆளை நம்புங்கள். நேற்று 98, இன்று காலை 96, மாலை 94 என்று இறங்குவதே போதுமான எச்சரிக்கை. நகச்சாயத்தைத் துடைத்துவிட்டு, கை சூடாக இருக்கும்போது பாருங்கள்.

இவற்றில் ஒன்று தெரிந்தாலும் 999ஐ அழைக்க வேண்டும்: உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, நெஞ்சுவலி, உதடு நீலமாவது, குழப்பமாகப் பேசுவது, எழுப்பினாலும் எழாமல் கிடப்பது, வலிப்பு. குழந்தை பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலோ, பல மணிநேரம் சிறுநீர் கழிக்காவிட்டாலோ உடனே கிளம்புங்கள்.

காய்ச்சலுக்கு பனடால், அதாவது பாராசிட்டமால், எடுப்பவர்கள் கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். பெரியவருக்கு 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் கூடாது. சளிமருந்துகள் பலவற்றிலும் அதே பாராசிட்டமால் கலந்திருக்கிறது. நம் நாட்டில் எந்தக் காய்ச்சலும் டெங்கியாக இருக்க வாய்ப்புண்டு. புதிய நோய்தான் என்று நாமே முடிவு கட்டி இபுபுரோஃபென், ஆஸ்பிரின் கொடுத்தால், டெங்கியாக இருந்தால் இரத்தக்கசிவு மோசமாகும். இரத்தப் பரிசோதனை முடியும்வரை அவற்றைத் தொடாதீர்கள்.

வாந்தி, பேதி இருந்தால் மருந்துக்கடை உப்புச்சீனிக் கரைசல் பொட்டலம். அது இல்லாவிட்டால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தட்டையாக ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடினால் ஆபத்து. கண்ணளவில் போடாமல் கரண்டியால் அளந்து போடுங்கள்.

அக்கம்பக்கமும் சட்டமும்

1988ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம், அதாவது சட்டம் 342, சுகாதார அதிகாரிகளுக்குத் தனிமைப்படுத்த உத்தரவிடும் அதிகாரம் தருகிறது. கையெழுத்துக் கேட்டு வரும் தாளைப் படித்து, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று பார்த்து, படம் எடுத்து வையுங்கள். வேலையிடத்தில் காட்ட அதுதான் சான்று.

2020 ஏப்ரலில் கோலாலம்பூரின் மஸ்ஜித் இந்தியா பகுதியில் சிலாங்கூர் மேன்ஷன், மலாயன் மேன்ஷன் என்ற இரண்டு அடுக்குமாடிகளும் முள்வேலியோடு மூடப்பட்டன. உள்ளே இருந்தவர்களில் தமிழ் பேசும் தொழிலாளர்களும் இருந்தார்கள். ஒரு கட்டடம் இப்படி மூடப்பட்டால் வெளியே போக முடியாது என்பதையும், பொருள் யாராவது வாசலில் தந்தால்தான் உண்டு என்பதையும் நாம் கணக்கில் எடுக்க வேண்டும். மாடிக்கு ஒருவர் பொறுப்பேற்கும் ஒரு தொலைபேசிப் பட்டியல் இருந்தால் அரிசியும் மருந்தும் வீடு தேடி வரும். நோய் வந்த வீட்டைச் சுட்டிக்காட்டிப் பேசும் இடத்தில் அடுத்தவர் காய்ச்சலை மறைப்பார். மறைத்தால் தொற்று எல்லார் வீட்டுக்கும் வரும்.

செய்தியைச் சரிபார்க்க மூன்று கேள்வி போதும். சுகாதார அமைச்சின் பக்கத்தில் அது இருக்கிறதா? தேதி இருக்கிறதா? பரவும் வழியைச் சொல்கிறதா, பயத்தை மட்டும் சொல்கிறதா? வேப்பிலை, மஞ்சள், ரசம் எல்லாம் சாப்பிடலாம், தொண்டைக்கு இதமாக இருக்கும். தொற்றைத் தடுக்கும் என்று நம்பிக் கவசத்தைக் கழற்றக் கூடாது.

எழுதி வைக்க வேண்டிய ஒரு தாள்

இதற்கு ஒரு வெள்ளிகூடச் செலவில்லை, அரைமணி நேரம் போதும். வீட்டில் உள்ள ஒவ்வொருவரின் முழுப்பெயர், அடையாள அட்டை எண், வியாதிகள், மருந்தின் பெயரும் அளவும், ஒவ்வாமை, கிளினிக் அட்டை எண், தடுப்பூசி விவரம். அதன் கீழே அவசரத்தில் அழைக்க வேண்டிய மூன்று பேர். பெற்றோர் இருவரும் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால் பிள்ளைகள் யாரிடம் இருப்பார்கள் என்று பேசி, அவர் ஒப்புக்கொண்ட பிறகு அவர் பெயர். மருந்துப் பெயர்களையும் வியாதிகளையும் மலாயில் எழுதுங்கள். ஆம்புலன்ஸில் வருபவர் படிக்க வேண்டும். தமிழில் ஒரு பிரதி, வீட்டிலிருக்கும் பாட்டிக்கு. இரண்டையும் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டுங்கள், ஒரு படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போடுங்கள். மருந்து மாறும்போதெல்லாம் தாளையும் மாற்றுங்கள்.